பலூனுக்குள் ஒரு கடுகுச் சூரியன்

சூரியனைப் பட்டப்பகலில் இருட்டுக்குள் அடைத்துவைத்துக் காட்டிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. எங்களிடம் கறுப்புத் துணியில் தைத்த ஒரு பெரிய கூடாரம் இருக்கிறது. மின்விசிறி ஒன்று ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருந்தால், கவிழ்த்துவைத்த இட்லி மாதிரி உப்பி நிற்கும். தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். முப்பது பேர் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், நடுவில் இருக்கிற புரொஜக்டர் கூரை முழுக்க வானத்தைக் காட்டும். பக்கத்தில் மைக்கோடு நின்று, கேட்கிறவர்களுக்குத் தகுந்தபடி தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ பேசுகிறவள் நான். ஊர் எனக்கு வைத்திருக்கும் பெயர் பலூன்காரி.

ஒரே விஷயத்தை ஒரு நாளைக்கு ஐந்து தடவை, அப்போதுதான் கண்டுபிடித்ததுபோலச் சொல்லவேண்டிய சாபம் வாங்கிவந்தவர்களே, வாத்தியார்களே, புடவைக்கடைக்காரர்களே, இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, உங்களுக்கு என் தொண்டை வலி புரியும். கால் சென்டரில் ஏழு வருடம் மன்னிப்புக் கேட்டுப் பழகிய தொண்டை இது. அந்தக் கால் சென்டரை மூடியதும் வீட்டில் உட்கார்ந்தேன். சுனாபட்டியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் ஜாதகப் பேச்சுதான் நடக்கும். அதிலிருந்து என்னைத் தூக்கி எடுத்தது தாதரில் இருக்கும் வர்ஷா மேடம். கூடாரம் அவருடையது. பொங்கலன்று சேர்த்துக்கொண்டார். சித்திரை முதல் தேதி வரை மூன்று மாதம் பார்ப்பார். தமிழ்க்காரர்கள் பகுதியில் நல்ல பெயர் எடுத்தால் வேலை நிரந்தரம், கெட்ட பெயர் எடுத்தால் மறுபடியும் ஜாதகம். எனக்கு வயது முப்பத்தாறு. இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இதற்குமேல் விளக்கவேண்டாம்.

ஒன்பது சுற்று

முதல் வாரம், தாராவியில் ஒரு சங்கத்து ஹால். வாசலில் ‘கோள்களும் நட்சத்திரங்களும்’ என்று பேனர் கட்டிவிட்டு மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் டெம்போவை ஓட்டுவதும் கூடாரத்துக்குக் காற்றடிப்பதும் செம்பூர் கணபதி அண்ணன். அவர் வெளியிலிருந்து, “முத்து, ஓடிவா! துணி, துணி!” என்று அலறினார். போய்ப் பார்த்தால் ஐந்து பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடாரத்தைச் சுற்றிவந்துகொண்டிருக்கிறார்கள். அன்று சனிக்கிழமை. முன்னால் போன அம்மா கையில் எள் விளக்கு வேறு.

விளக்கைப் பறித்து ஜன்னலில் வைத்தோம். ஆனால் சுற்றை நிறுத்தமுடியவில்லை. ஒன்பது முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். நடுவில் சூரியன், சுற்றிலும் கோள்கள் என்று நான் உருகி உருகிக் காட்டினேன். ஐவரும் கைகூப்பியபடி பார்த்தார்கள். எனக்கோ முதல் வெற்றி என்று பூரிப்பு. கோயில் நவக்கிரகங்கள் ஒன்றை ஒன்று பார்க்காமல்தான் நிற்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வெளியே வந்ததும் விளக்குக்கார அம்மா என் தோளைத் தொட்டு, கவலையோடு சொன்னார்:

“எல்லாம் சரிதான் தாயி, ஆனா ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டுல்லா சுத்துது. குடும்பம் வெளங்குமா?”

சாதாரணம்

அடுத்தது மாட்டுங்கா. ரதசப்தமி, சூரியனுக்கான நாள். அதற்காகவே ஒரு சபா ஹாலில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசையில் ராமநாதன் சார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐம்பது வருடமாகக் காலையில் மொட்டைமாடியில் நின்று சூரியனுக்கு நீர் வார்க்காமல் காப்பி குடித்ததில்லை என்று அறிமுகத்திலேயே சொன்னார்கள். நான் என் உரையை நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். அதில் இரண்டாவது வாக்கியமே, “நம் சூரியன் ஒரு சாதாரண நட்சத்திரம், கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் ஏறக்குறைய எல்லாமே அதைவிடப் பெரியவை” என்பதுதான். சொல்லி முடிக்கவில்லை, இருட்டுக்குள் ஒரு உருவம் எழுந்து நின்றது. கூடாரத்தின் உயரம் ஓரத்தில் குறைவு; அவர் தலை பட்டு வானமே ஆடியது.

“சாதாரணமா? ஏம்மா, ஒருநாள், ஒரே ஒரு நாள், அவர் லீவு போட்டார்னா தெரியும் யார் சாதாரணம்னு!” என்று சொல்லிவிட்டுத் தவழ்ந்து வெளியே போனார். பின்னாலேயே பத்துப் பேர் தவழ்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் வர்ஷா மேடத்துக்கு இரண்டு பக்கப் புகார் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு தகவல் பிழை இல்லை என்பதுதான் கொடுமை.

மறுநாள் தாதரில் மேடத்தின் முன்னால் நின்றேன். அதே சபா, சித்திரை முதல் தேதிக்கும் கூடாரத்தை முன்பே கேட்டிருந்தது. வாக்கியத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

“உண்மையை எடுக்காதே, முத்து. அன்றைக்கு அதே மனிதரை அதே பாயில் உட்காரவைத்து அவர் வாயால் நல்ல வார்த்தை வாங்கு, வாங்கிவிட்டால் வேலை உன்னுடையது.”

அஞ்சறைப்பெட்டி

அப்புறம் தூக்கமா வரும்? உண்மையையும் சொல்லவேண்டும், ராமநாதன் சாரும் உட்காரவேண்டும். இந்த யோசனையோடு தாராவியில் ஒரு மகளிர் குழுவுக்குப் போனேன். சூரியனைவிட நாற்பது மடங்கு, எழுநூறு மடங்கு என்று நான் அடுக்க, எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். ஒரு அக்கா மட்டும் குறுக்கே வந்தார். “அதெல்லாம் இருக்கட்டும், என் நட்சத்திரம் எம்புட்டுப் பெருசு? ரோகிணி.” அதுவரை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. நம்மில் ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே ஒரு நட்சத்திரத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ரோகிணிதான் மேலே செக்கச்செவேலென்று நிற்கிறது.

மறுநாளே அம்மாவின் அஞ்சறைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே குழுவிடம் போனேன். சூரியன் ஒரு கடுகு என்றால், திருவோணம் மிளகு. மகம் கொண்டைக்கடலை. சித்திரை கோலிக்குண்டு. சுவாதி எலுமிச்சம்பழம். ரோகிணி சாத்துக்குடி. திருவாதிரைக்கும் கேட்டைக்கும் பெட்டியில் இடமில்லை. மாடியில் இருக்கிற பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கையால் காட்டினேன். அன்று ஒருவரும் கொட்டாவி விடவில்லை. சாத்துக்குடியைக் கையில் வாங்கிக்கொண்ட ரோகிணி அக்கா, தன்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற திருவோணத்துக் கணவரிடம் மிளகைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இருவது வருசமா நானும் சொல்லுதேன், இந்த மனுசன் கேக்கல. இப்பம் வானமே சொல்லிட்டு.”

பதம்

தாராவியில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு காட்சி கேட்டார். நட்சத்திரத்தின் நிறத்தைப் பற்றிச் சொல்லும் இடம் எப்போதும் எனக்குச் சிரமம். சிவப்பு என்றால் சூடு குறைவு, நீலம் என்றால் சூடு அதிகம் என்றால், பள்ளிக்கூடத்தில்கூட யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சிவப்புதானே நெருப்பு என்பார்கள். இங்கே நான் வாயைத் திறப்பதற்குள் உலைக்கு முன்னால் நாளெல்லாம் நிற்கிற சுடலைமுத்து அண்ணன் திருவாதிரையைச் சுட்டி, “அது இன்னும் காயணும்” என்றார். சித்திரையைப் பார்த்து, “அது ரொம்ப ஓவர்” என்றார். சூரியன் மஞ்சள் இல்லை, வானத்துக்கு மேலே போய்ப் பார்த்தால் வெள்ளை என்று நான் காட்டியதும் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் பதினைந்து நிமிட உரையை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்:

“இதுதாம்மா பதம், இதுக்குக் கீழ இருந்தா வளையாது, மேல போனா உருகிரும்.”

ஜோடி

கோபர்கைரனேயில் ஒரு பள்ளிக்கூடம். பாதிப் பிள்ளைகள் தமிழ்தான்; ஆனால் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார்கள். அவர்களுக்குச் சூரியன் சூரஜ், கல்யாண வரன் ரிஷ்தா. சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் ஏறக்குறைய பாதி ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும், நம் சூரியன் தனிக்கட்டை என்றேன். ஜோடியாக இருந்திருந்தால் பூமி இவ்வளவு நிம்மதியாகச் சுற்றியிருக்குமோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் கழுத்தையும் காலையும் உற்றுப் பார்த்தாள். தாலியும் மெட்டியும் தேடுகிறாள் என்று புரிந்தது. பிறகு மிகுந்த பரிவோடு கேட்டாள்:

“டீச்சர், சூரஜுக்கும் ரிஷ்தா செட் ஆகலையா?”

தொட்டி

செம்பூரில் ஒரு அடுக்குமாடிச் சொஸைட்டி. காட்சி முடிந்து எல்லோரும் போனபிறகு ஒரு அம்மாவும் கல்லூரியில் படிக்கிற மகளும் மட்டும் நின்றார்கள். அம்மா குரலைத் தாழ்த்தி, “கேட்டை எப்படி?” என்று கேட்டார். மகளின் நட்சத்திரம் அது; அந்த வாரம்தான் ஒரு வரன் வீட்டிலிருந்து ஜாதகம் திரும்பி வந்திருந்ததாம். அந்தத் தாழ்ந்த குரலை எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மாவுக்கும் அதே குரல்தான். கேட்டையில் பிறந்த பெண் வந்தால் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு வந்த ஐந்து வரன்களுக்கும் அண்ணன் இருந்தார்கள். ஐந்து ஜாதகமும் திரும்பி வந்தது. அவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். “சூரியன் கடுகு. நீ அது. நானும் அதுதான்” என்றேன். இவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் மிக வேகமாக எரிந்து சீக்கிரம் முடிந்துபோகும் என்ற அடுத்த வரியை அன்று விழுங்கிவிட்டேன். தொழிலில் நான் விழுங்கிய ஒரே உண்மை அது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தொட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதற்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள்:

“அவ்ளோதாம்மா விஷயம், அந்த வீட்டு வாசப்படி நமக்குச் சின்னது.”

சயன் பாலம்

சித்திரைக்குப் பத்து நாள் இருந்தது. ராமநாதன் சாருக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. தாராவியில் இட்லி அவித்துக் கடைகளுக்குப் போடுகிற செல்லத்தாய் என் வயதுக்காரி, பேச்சில் யாரையும் விடமாட்டாள். காலை வியாபாரம் முடித்து, காலிப் பாத்திரத்தோடு நேராகக் காட்சிக்கு வந்திருந்தாள். கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் சூரியனைவிடப் பெரிசு என்று நான் சொன்னதும், “ஏட்டி, சின்னதா இருந்தா கண்ணுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். நட்சத்திரங்களில் முக்கால்வாசி மங்கலான சிவப்புக் குள்ளர்கள். கடுகுக்குப் பக்கத்தில் அவை ரவை. அதில் ஒன்றைக்கூட வெறும் கண்ணால் பார்க்கமுடியாது. படித்துவைத்திருந்த விஷயம்தான், ஆனால் உரையில் ஓர் ஓரத்தில் கிடந்தது. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முப்பது பேர் முன்னால் என்னைக் கேட்டாள்:

“சயன் பாலத்துல நின்னு பாத்தா டவருதான் தெரியும், அதுக்காவ இங்க குடியிருக்குத நாங்கள்லாம் இல்லைன்னு ஆயிருமா?”

சித்திரை முதல் தேதி

மாட்டுங்காவில் கணபதி அண்ணன் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே ராமநாதன் சார் வந்துவிட்டார். அவர் முன்வரிசையில், வர்ஷா மேடம் கடைசி வரிசையில். எடுத்த எடுப்பிலேயே, “போன தடவை நான் சொன்னது பாதிதான். அதற்கு மன்னிக்கவேண்டும்” என்றேன். மன்னிப்புக் கேட்பதுதான் எனக்கு வருமே. பாயில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒரு கைப்பிடி ரவையைத் தூவினேன். “நட்சத்திரக் கூட்டத்தில் பெரும்பாலோர் இவர்கள். கண்ணுக்குத் தெரியாததால் நான் எண்ணாமல் விட்டவர்கள். எல்லோரையும் எண்ணி நூறு பேரை அளவுப்படி வரிசையில் நிறுத்தினால், நம் சூரியன் முதல் பத்துப் பதினைந்துக்குள் வந்துவிடுவார்” என்று நடுவில் கடுகை வைத்தேன். ராமநாதன் சார் இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

பிறகு, செம்பூரில் விழுங்கியதையும் சொன்னேன். “என் நட்சத்திரம் கேட்டை. தண்ணீர்த் தொட்டி அளவு. ஆனால் அது பிறந்து ஒன்றரைக் கோடி வருடம்கூட இருக்காது, அதற்குள் முடிவுக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் ஒரு பூமி இருந்திருந்தால் அங்கே ஒரு பாசி பிடிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. இந்தக் கடுகு நானூற்று அறுபது கோடி வருடமாக ஒரே நிதானத்தில் எரிகிறது. இன்னும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது. அந்த நிதானத்தில்தான் பாசி வந்து, மீன் வந்து, நாம் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.” கடுகிலிருந்து ஒரு சாண் தள்ளி விரலை வைத்தேன். “இங்கே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியாக நாம். அடுத்த நட்சத்திரம் ஒரு பொடி ரவை. அது இந்தத் துணியில் இல்லை, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் பத்லாப்பூரில் கிடக்கிறது. மாட்டுங்காவுக்கும் பத்லாப்பூருக்கும் நடுவில் நமக்கென்று இருப்பது இவர் ஒருவர்தான்.”

விளக்கு போட்டதும் எல்லோரும் வெளியே தவழ்ந்தார்கள். ராமநாதன் சார் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். போச்சு, இன்னும் இரண்டு பக்கம் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, துணியிலிருந்த கடுகை மெல்ல ஒற்றி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மேடம் பக்கத்தில் வந்து நின்றார். தமிழ் தெரியாத மேடத்துக்கும் புரிகிற மாதிரி, ராமநாதன் சாரின் கண்கள் கலங்கியிருந்தன. கடுகைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என்னிடம் சொன்னார்:

“இத்தனை நாளும் பெரியவர்னு ஜலம் விட்டேன்மா, நாளைலேர்ந்து, கூட இருக்கார்னு விடறேன்.”

மேடத்துக்கு நான்தான் மொழிபெயர்த்தேன், தேம்பிக்கொண்டே. வேலை நிரந்தரமாகிவிட்டது. செம்பூர் பெண்ணின் வீட்டைத் தேடிப்போய், விழுங்கிய வரியையும் சொல்லிவிட்டு வந்தேன். “அப்போ நிதானமா எரியலாம்க்கா, நமக்கென்ன அவசரம்” என்று சிரித்தாள். விளக்குக்கார அம்மா, ரோகிணி அக்கா, சுடலைமுத்து அண்ணன், செல்லத்தாய் என்று நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் எல்லோரும் என் உரையில் இப்போது ஆளுக்கொரு வரியாக இருக்கிறார்கள்.

ஐந்து மாப்பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பிய அத்தனை பெரிய நட்சத்திரத்தில் பிறந்தவளுக்கு, கடைசியில் வாழ்க்கை கொடுத்தது ஒரு கடுகு.